தொண்டு நிறுவனம் கிளம்பிய பிறகு

ஒரே ஒரு தாள். அதில் எழுத்துகள், சொற்கள், நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சின்னக் கதை. தன்னார்வலர் ஒருவர் கிராமத்து வீட்டு வாசலில் குழந்தையோடு உட்கார்ந்து அதை வாசிக்கச் சொல்கிறார். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-இல் தொடங்கிய 'அசர்' கணக்கெடுப்பு இவ்வளவு எளியது. 2024 கணக்கெடுப்பின்போது, கிராமப்புற அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோரால் அந்தக் கதையை வாசிக்க முடியவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குத் தொண்டு நிறுவனமே நேரடியாகக் கற்றுக்கொடுப்பது முறையா? 6 முதல் 14 வயது வரை கல்வி சட்டப்படி உரிமை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. அரசின் கடமையை நன்கொடைப் பணம் சுமக்க ஆரம்பித்தால் அரசு கைகழுவிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனாலும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், நிர்வாகம் திருந்தும்வரை பொறுத்திரு என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. இன்றைக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். கேள்வி, அதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதுதான்.

உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் பிரதம் அமைப்பிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வாசிப்பு முகாம் நடத்தினார்கள். வந்த குழந்தைகள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத குழந்தைகளில் சிறு பகுதியினர்தான் முகாமுக்கு வந்தார்கள். ஊர்ப் பள்ளி பழையபடியே நடந்தது. பின்னாளில் ஹரியானாவில் வேறு வழி பார்த்தார்கள். அரசுப் பள்ளி நேரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து, அரசு ஆசிரியர்களே கற்றுக்கொடுத்தார்கள். கல்வித் துறை அலுவலர்களே மேற்பார்வையிட்டார்கள். பிள்ளைகளின் இந்தி வாசிப்பு உயர்ந்தது. தொண்டு நிறுவனத்துக்கு அறம் காட்டும் திசை இதுதான். தன் பெயர் பின்னுக்குப் போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்குள் வேலை செய்வது கடினம். பலகையில் பெயர் எழுதித் தனி மையம் திறப்பது சுலபம்.

உரிமையுள்ளவருக்குச் சேர வேண்டியது சேரும்போது அவரை நன்றி சொல்ல வைப்பதும் தவறு. புத்தகப்பையும் நோட்டும் கொடுத்துவிட்டு, பேனர் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுப்பதை எந்த நல்ல நோக்கமும் நியாயப்படுத்தாது. அந்தப் படம் கொடையாளருக்கு வேண்டியது, பிள்ளைக்கு வேண்டியதல்ல.

ஆகவே நன்கொடை கொடுப்பவர்கள் எத்தனை பை கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டாம். அந்த ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இப்போது கதை வாசிக்கிறார்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அங்கே யார் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.