பசிக்குச் சான்று

புனேயின் ஒரு குடிசைப் பகுதிக்குச் சிலர் மளிகைப் பைகளோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பையில் கோதுமை மாவு, அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள். பைகள் நூறு, வீடுகள் முந்நூறு. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கம்பக்கத்தில் வசூலித்த பணம் வீணாகிவிடக் கூடாதே என்று அவர்கள் நினைப்பதும் நியாயம்தான். ஆகவே ஒரு தாள் தயாராகிறது. குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, ரேஷன் கார்டு என்ன நிறம், ஆதார் நகல் இருக்கிறதா? கடைசியில் பையைக் கையில் பிடித்தபடி ஒரு புகைப்படம். பசித்தவரிடம் இதையெல்லாம் கேட்கலாமா?

உதவி தேவைப்படுகிறவருக்குத்தான் போய்ச்சேர வேண்டும் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. தேவையை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் சிக்கல். மஹாராஷ்டிரத்தில் ரேஷன் கார்டுக்கு மூன்று நிறங்கள்: மஞ்சள், காவி, வெள்ளை. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வெள்ளை. மாதம் 8,400 ரூபாய் வருகிற குடும்பமே அந்தக் கணக்கில் வசதியான குடும்பமாகிவிடுகிறது. புனேயில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்தபின் அதில் என்ன மிஞ்சும்? மராத்வாடாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் கார்டு ஊரில், மாமியார் பெயரில் இருக்கும். கணவனை விட்டுப் பிரிந்து வந்தவளின் பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமலே போகலாம். போன மாதம் வரை நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவளுக்கு இந்த மாதம் வேலை இல்லை. அவள் வீட்டில் டிவி இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, அரிசி டப்பா மட்டும் காலி.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த நிறப் பிரிவினை கொஞ்சம் அந்நியமாகப் படும். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று ரேஷனைப் பிரித்தபோது, எல்லோருக்கும் ரேஷன் என்பதைத் தமிழ்நாடு விட்டுக்கொடுக்கவில்லை. நம் தெரு ரேஷன் கடை வரிசையில் நிற்பவரைப் பார்த்து இவர் ஏழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த வரிசையின் பெருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்த்துக் கொடுப்பதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. நாம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் 1876–78 பஞ்சம் புனேயைச் சுற்றிய தக்காணத்தையும் வாட்டி எடுத்தது. நிவாரணச் செலவைக் கண்காணிக்க அனுப்பப்பட்டவர் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். இவரே 1874இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாகக் கொடுத்தவர். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற கண்டனம். அந்தக் கண்டனம் அவரை மாற்றியது. 1877 ஜனவரியில் சென்னை, பம்பாய் மாகாணங்களின் நிவாரண வேலைத் தளங்களில் கூலியை அவர் வெட்டினார். நாளெல்லாம் கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓரணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. கூலி அவ்வளவு குறைவாக இருந்தால் உண்மையிலேயே பசித்தவன் மட்டும்தான் வருவான் என்பது கணக்கு. பம்பாய் மாகாணத்தில் மக்கள் அந்தக் கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். 1870இல் புனேயில் தொடங்கிய சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்று எதிர்ப்புத் தெரிவித்தது. சென்னையில் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் போராடியபின் தானியம் கொஞ்சம் கூட்டப்பட்டது, பருப்பும் சேர்ந்தது.

டெம்பிள் கொடியவர் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஒருமுறை அதிகம் கொடுத்துப் பழி சுமந்தவர், மறுமுறை பழி வராதபடி கொடுத்தார். இன்று தாளும் பேனாவுமாக நிற்கும் தன்னார்வலருக்குள்ளும் அந்தப் பயத்தின் ஒரு துளி இருக்கிறது. ஏமாந்துவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். நன்கொடை கொடுத்தவர் கேட்பார், தணிக்கையாளர் கேட்பார். படம் எடுப்பதும் பெரும்பாலும் விளம்பர ஆசையால் அல்ல, அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளத்தான்.

அதே 1877இல் டெம்பிள் பம்பாய் ஆளுநரானார். ஆளுநர்களின் மழைக்கால மாளிகை புனேயின் கணேஷ்கிண்டில் இருந்தது. அதே பஞ்சத்தில் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்ரிபாயும் தங்கள் சத்யசோதக் சமாஜத்தின் தோழர்களோடு பசித்த குழந்தைகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்தார்கள். ஜுன்னர் அருகே ஓத்தூரிலிருந்து அந்த ஏப்ரலில் சாவித்ரிபாய் கணவருக்கு எழுதிய கடிதம் பஞ்சத்தின் கோரத்தை இன்றும் சொல்கிறது. ஆளுநர் மாளிகை பின்னர் புனே பல்கலைக்கழகமாயிற்று. 2014 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம்.

ஆனாலும் எதிர்வாதம் இன்னும் எழுந்து நிற்கிறது. நூறு பைதான் இருக்கிறது. கேள்வியே கேட்காமல் கொடுத்தால் முதலில் ஓடி வருகிறவருக்கும், குரல் உயர்ந்தவருக்கும், உள்ளூர்ப் பிரமுகருக்கு வேண்டியவருக்கும் போய்விடும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவி வாசலுக்கே வர மாட்டாள். இது உண்மை. எப்படிக் கொடுத்தாலும் தவறு நேரும். அந்தத் தவறு யார் தலையில் விழ வேண்டும் என்பதை மட்டும் கொடுப்பவர் தீர்மானிக்கலாம். தேவையில்லாதவருக்கு ஒரு பை போய்விட்டால் இழப்பு ஒரு பை. தேவையுள்ளவளைத் தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினால் இழப்பு அவள் பிள்ளைகளின் சாப்பாடு, அதோடு இன்னொரு முறை கேட்கும் துணிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரம் வைத்து, அதை அடுத்தே இரவச்சத்தையும் வைத்திருக்கிறார். கேட்கலாம் என்பதும் கேட்கக் கூசுவதும் ஒரே மனத்துக்குள் அடுத்தடுத்து இருப்பவை. சான்று கேட்கும் கை இரண்டாவதைத்தான் தூண்டிவிடுகிறது.

பழைய புனேயில் ஏழைப் பிராமண மாணவர்கள் வீடு வீடாகப் போய் மதுகரி எடுப்பார்கள். தேனீ பூவுக்குப் பூ கொஞ்சம் எடுப்பதுபோல என்பது பெயரின் பொருள். நாளுக்கு ஒரு வீட்டில் முறைவைத்து உண்பதும் உண்டு. கும்பகோணத்திலும் மற்ற ஊர்களிலும் அதற்கு வாரச் சாப்பாடு என்று பெயர். எந்த ஒரு வீட்டுக்கும் பாரமில்லாத அழகான ஏற்பாடு. ஆனால் அங்கே சான்று பிறப்பிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. அதே தெருவில் விறகு பிளந்தவனின் மகனுக்கு எந்தக் கிழமையிலும் இலை விழவில்லை.

அவனுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில் வேறொரு வழி பிறந்தது. புனேயில் தானிய மூட்டைகளைச் சுமக்கும் தொழிலாளர்களை 1950களில் பாபா ஆடாவ் ஹமால் பஞ்சாயத்து என்ற சங்கமாகத் திரட்டினார். ஊருக்கே தானியம் முதுகில் சுமந்தவர்களுக்கு மதியம் கட்டுப்படியாகிற விலையில் ஒரு வேளைச் சாப்பாடு இல்லை. சங்கம் 1970களில் தானே சமையற்கூடம் தொடங்கியது. பெயர் கஷ்டாச்சி பாகர், பாடுபட்டுத் தின்னும் ரொட்டி. லாபம் வைக்காத விலை. பாக்ரி, காய், பருப்பு. காசு கொடுக்கிற எவரும் சாப்பிடலாம். மூட்டை தூக்குகிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் வெளியூர் மாணவரும் ஒரே பந்தியில் உட்காரலாம். நீ யார், எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போகிறவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, சில்லறையை எண்ணி வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது.

ஆனால் அந்தச் சில்லறையும் இல்லாதவர்? 2020 ஜனவரி 26 அன்று மஹாராஷ்டிர அரசு பத்து ரூபாய்க்குச் சிவபோஜன் தாலி என்ற தட்டுச் சாப்பாட்டைத் தொடங்கியது. இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது, விலை ஐந்து ரூபாயானது. மறு ஆண்டு ஊரடங்கில் அதையும் விட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். மலிவு விலை நல்ல நாளில் மானத்தைக் காக்கும். வேலை முழுக்க நின்றுபோன நாளில் ஐந்து ரூபாயும் ஒரு மதில்தான். 1867இல் வள்ளலார் வடலூர் தர்மசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது அப்படிப்பட்ட நாளுக்காகத்தான். சங்கத்தின் சமையற்கூடமும் தர்மசாலையும் ஊருக்கு இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

அந்த நூறு பைகளுக்கு வருவோம். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது குழாயடியில் நிற்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு, அவர்களில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் கிழவியிலிருந்து தொடங்கலாம். அவர்களுக்கும் பிடித்தவர் பிடிக்காதவர் உண்டு, ஆகவே ஒருவர் சொல் போதாது, நாலு பேர். படம் வேண்டாம். நன்கொடையாளருக்குக் கடை ரசீதே போதுமான கணக்கு.

அந்தத் தாளையும் கிழித்துப்போட வேண்டியதில்லை. பைகள் தீர்ந்தபிறகு, எந்தக் கார்டிலும் பெயர் இல்லாத அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, ஆதார் இருக்கிறதா? இந்த முறை அது ரேஷன் அலுவலகத்துக்கு அவள் பெயரில் எழுதும் மனு. மறுநாள் காலை அவளோடு வரிசையில் போய் நிற்கவும் ஒருவர் வேண்டும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவள் வருகிறாள்.