அறியாத பெயரும் அவசரச் சந்தேகமும்

வியாபாரிக்குக் கணக்கே கண். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி இறைவன் விதித்த கட்டளையே திருக்குர்ஆனின் ஆயத்துகளில் மிக நீளமானது. பகரா அத்தியாயத்தின் 282-ஆவது ஆயத்து அது. எழுத்துக்கு நம் மார்க்கம் அளித்துள்ள மதிப்பு அத்தகையது. ஆனால், எழுதியிருப்பது நமக்கு விளங்காதபோது நாம் எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவருக்குக் கிரெடிட் கார்டுக் கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டறியாத ஓர் இரும்புச் சாமான் கம்பெனியின் பேரில் 186 வெள்ளி பற்று. "இந்தக் கடை வாசலையே நாம் மிதித்ததில்லையே!" என்கிறார் முதலாளி. அடுத்த கணம் அவர் பார்வை கல்லாவின் அருகே நிற்கும் பையன் மீது விழுகிறது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும், ஊரை விட்டு வந்து உழைக்கும் ஓர் ஏழையின் மானம் அந்தப் பார்வையிலேயே போய்விடுகிறது.

உண்மை வேறாக இருக்கலாம். கடையின் பெயர்ப் பலகையில் ஒரு பெயர் இருக்கும். பாங்கியில் பதிந்திருப்பது 'செண்டிரியான் பெர்ஹாட்' என்று முடியும் மற்றொரு பெயராக இருக்கும். கணக்கில் ஏறுவது பின்னதே. வெள்ளிக்கிழமை வாங்கிய பூட்டும் குழாயும் திங்கட்கிழமைத் தேதியில் பதிவாவதுண்டு. மகனிடமுள்ள துணைக் கார்டின் செலவும் நம் கணக்கிலேயே சேரும்.

ஆகவே, பெயரை விட்டுத் தொகையைக் கொண்டு ரசீதுகளில் தேட வேண்டும். பிறகு வீட்டாரைக் குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல் கேட்க வேண்டும். கம்பெனியின் பெயரை, 2002-ல் அமைந்த எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் பதிவேட்டிலும் பார்க்கலாம். வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும், வீண் சந்தேகத்தை விலக்கவும் ஹுஜுராத் அத்தியாயம் நமக்குப் போதிக்கின்றதன்றோ?

அப்படியானால் பேசாதிருந்து விடலாமா? அதுவும் தவறே. பொருள் நம்மிடமுள்ள அமானிதம். 250 வெள்ளி வரை ரகசிய எண் இல்லாமலே கார்டைத் தொட்டுப் பணம் செலுத்தும் வசதி இந்நாட்டில் உண்டு. திருடர்கள் சிறு தொகையை முதலில் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. விசாரித்தும் விளங்கவில்லையெனில் அன்றே பாங்கிக்கு அறிவித்துக் கார்டை நிறுத்த வேண்டும்.

ஆனால் "இது யாம் வாங்கியதன்று" என்று பாங்கிக்கு எழுதுவது ஒரு சாட்சியம் என்பதை மறக்கலாகாது. பாங்கி அதை ஏற்றால், அத்தொகை அந்தக் கடைக்காரரிடமிருந்தே திரும்ப எடுக்கப்படலாம். ஆணியும் பெயிண்டும் நம் சுவரில் இருக்க, விலை மட்டும் நம் பைக்குத் திரும்புமானால் அது ஹலாலாகுமா? அவரும் நம்மைப் போல வாடகையும் கூலியும் கொடுக்கும் வியாபாரியே.

இன்னொன்றும் உண்டு. நம் வாடிக்கைக்காரரின் கணக்கில் நம் கடை எந்தப் பெயரில் ஏறுகிறது என்பதை நாம் பார்த்ததுண்டா? பலகைப் பெயரையும் பதிவுப் பெயரையும் ரசீதில் சேர்த்தே அச்சிடுவோம். செலவு சொற்பம். அதனால் எங்கோ ஒரு வீட்டில், எங்கோ ஒரு கடையில், குற்றமற்ற ஒருவர் மீது விழ இருந்த பழி நீங்கும்.

கணக்கிலும் எண்ணத்திலும் நேர்மையுடையோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.