மருத்துவர் முன் நாணம்

முதுமையைத் தெய்வமாகவே வைத்து வணங்குகிற ஊர் விருத்தாசலம். சுவாமி பழமலைநாதர், அம்மை பெரியநாயகி. சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வழியே சென்றபோது, ஊரும் கிழம், சுவாமியும் கிழம், அம்மையும் கிழம், இங்கே எதைப் பாடுவது என்று எண்ணிப் பாடாமலே அப்பாற் போனார் என்றும், அதனைப் பொறாத ஈசன் தம் குமாரனை வேடனாக அனுப்பி, அவர் கைப்பொருளைப் பறிக்கச் செய்து, பழமலைக்கு மீண்டு வரும்படி திருப்பினார் என்றும் தலவரலாறு கூறும். வேடனாக வந்த அக்குமரனே, ஊரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்னும் திருநாமத்தோடு கோயில் கொண்டிருக்கிறார். பிற்காலத்தில் குருநமசிவாயர் பசியோடு இங்கே தங்கி, அம்மையைக் கிழத்தி என்று விளித்து அன்னம் வேண்டியபோது, அவள் தள்ளாத கிழவியாகவே எதிரே வந்து, இந்த வயதில் சோறு சுமந்து வருவது எப்படி என்று கேட்டாளாம். தெய்வமே தன் தள்ளாமையை ஒளிக்காமல் சொன்ன தலம் இது.

இத்தகைய ஊரில், அறுபதைக் கடந்த ஆண்மக்கள் பலர், தங்கள் முதுமை கொண்டுவரும் நோய்களுள் ஒன்றை மட்டும், மனைவிக்கும் சொல்லாமல், மகனுக்கும் சொல்லாமல், வைத்தியரிடத்தும் சொல்லாமல், உள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். சர்க்கரையின் அளவைத் தேநீர்க்கடையில் ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசுவார்கள். முழங்கால் வலியைப் பேரப்பிள்ளைக்கும் சொல்வார்கள். ஆனால் இரவில் நாலைந்து தரம் எழுந்து கொல்லைக்குப் போவதையும், போய் நின்றும் நீர் இறங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதையும், இறங்கிய நீரும் நூலாக மெலிந்து, நடுவே நின்று, வேட்டியைக் கட்டிக்கொண்ட பிறகு சொட்டுவதையும், 'வயசானா அப்படித்தான்' என்னும் ஒரே வாக்கியத்தால் மூடிவிடுகிறார்கள். மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் மணிமுத்தாற்றங்கரையில் திரளும்போது, இடையில் ஒதுங்க இடம் கிடைக்குமோ என்று அஞ்சி வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிடுகிற பெரியவர்கள் உண்டு. இவர்களை மருத்துவமனைக்கு அழைத்தால், வேலை இருக்கிறது என்பார்கள், வெயில் என்பார்கள். நோயைக் காட்டிலும் பரீட்சையே அவர்களுக்குப் பெரிய அச்சம்.

அந்தப் பரீட்சை இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. புராஸ்டேட் என்னும் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. மூத்திரப்பையின் அடியில் நீர்த்தாரையைச் சுற்றி அமைந்திருக்கும் அது, நடுவயதுக்கு முன் ஏறக்குறைய 20 கிராம் எடை உடையது. வயது ஏற ஏறப் பருக்கும். அறுபது வயதில் சுமார் பாதிப்பேரிடமும், எண்பதைக் கடந்தவரில் மிகப் பெரும்பாலோரிடமும் இப்பருமனைக் காணலாம். இது புற்று அன்று. ஆயினும் புற்றும் அவ்விடத்தில் தோன்றக்கூடும். தோன்றினால், தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் இன்றி இருந்து, எலும்பிற் பரவி இடுப்புவலியாக வெளிப்படும்வரை பலரிடம் மறைந்தே வளர்வதும் உண்டு. சுரப்பி மலக்குடலின் முன்சுவரை ஒட்டி இருப்பதால், வைத்தியர் கையுறை அணிந்து, வழுக்குக் களிம்பு தடவிய ஒரு விரலை ஆசனவாயின் வழியே செலுத்தி அதைத் தொட்டுப் பார்க்கிறார். வழுவழுப்பாகவும் சமமாகவும் இருந்தால் வெறும் வீக்கம் என்று கருதுவார்; கடினமாகவோ முடிச்சாகவோ இருந்தால் மேற்கொண்டு ஆராய்வார். ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற காரியம்.

பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை ஒன்றும் உண்டு. அதன் அளவு வெறும் வீக்கத்தாலும் தொற்றாலும்கூட உயருமாதலால், எல்லா முதியவரும் ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டும் என்று உலக வைத்தியர்கள் ஒருமுகமாகச் சொல்வதில்லை. 55 முதல் 69 வயது வரை உள்ளவர் நன்மை தீமைகளை வைத்தியரோடு பேசி முடிவு செய்யலாம், 70க்குப் பின் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்பது 2018இல் அமெரிக்க நிபுணர் குழு வெளியிட்ட கருத்து. ஆகவே நான் இங்கே முறையிடுவது, அறிகுறி இருந்தும் மறைக்கிறவர்களை நோக்கியே.

விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையை அறிந்தவர்க்கு ஒன்று சொல்வேன். சூளையிலிருந்து இறக்கிய பீங்கானைக் கைதேர்ந்த தொழிலாளி கண்ணால் பார்ப்பதோடு விடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து விரற்கணுவால் தட்டி, எழும் ஓசையைக் கேட்கிறான். கணீரென்றால் ஒருபுறம் வைக்கிறான். மந்தமாக ஒலித்தால், மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே கீறல் ஓடியிருக்கிறதென்று விலக்குகிறான். அவன் விரல் பட்டதால் எந்தப் பாண்டத்துக்கும் மதிப்புக் குறைந்ததில்லை. வைத்தியரின் விரலும் அத்தகைய அறிவின் கருவியே. இது மேல்நாட்டார் புகுத்திய வழக்கம் என்று நினைப்பதற்கும் இடமில்லை. நோயை ஐம்பொறிகளாலும் வினாவாலும் அறிய வேண்டும் என்றவர் ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர். குதத்துக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே கல்போல் திரண்டு நீரை அடைக்கும் வாதாஷ்டீலை என்னும் நோயை அவர் வருணிக்கிறார். நம் சித்த வைத்தியரின் எண்வகைத் தேர்விலும் நாடியோடு ஸ்பரிசமும், மலமும், மூத்திரமும் இடம் பெற்றிருக்கின்றன.

இருப்பினும் நாணம் ஒரு சிறுமை என்று தள்ளிவிட நான் துணியவில்லை. நாணம் ஒழுக்கத்தின் காவல். அதனாலன்றோ வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்தார்? ஆனால் அவர் போற்றுவது தகாத செயலைச் செய்வதற்கு நாணுகிற நாணத்தை. நோயுறுதல் நாம் செய்த செயல் அன்று; அதற்கு நாணுகிறவன், இழைக்காத குற்றத்துக்குத் தானே தண்டனை விதித்துக்கொள்கிறான். அதே வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்லும்போது, நோயாளியையே முதலில் வைத்து, வைத்தியனையும் மருந்தையும் அருகிருந்து துணை செய்வோனையும் அவனுக்குப் பின்னரே வைக்கிறார். முதல்வனாகிய நோயாளி வாய் மூடியிருக்கும்போது மற்ற மூன்றும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் அந்தப் பரீட்சைக் கட்டிலில் ஏறத் தயங்குகிறவனைப் பின்னிழுப்பது எது? பிறரை ஏவிப் பழகியவன், குடும்பத்துக்குத் தலைவன், எவராலும் தொடப்படாதவன் என்று தன்னைப் பற்றி அவன் வளர்த்துக்கொண்ட எண்ணமே என்று தோன்றுகிறது. சைவ சித்தாந்தம் ஆணவத்தை மூலமலம் என்று சொல்வது, அது செருக்காக மட்டுமன்றி, பணிவுபோலவும் கூச்சம்போலவும் வேஷமிட்டு வந்து உயிரின் அறிவை மறைக்க வல்லது என்பதனால்தான் என்று நான் கொள்கிறேன். இவர்கள் வீட்டுப் பெண்களை எண்ணிப் பாருங்கள். பிரசவ அறையிலும், கருப்பைப் பரீட்சையிலும், முன்பின் அறியாதார் முன்னிலையில் தங்கள் இயல்பான நாணத்தை அடக்கிக்கொண்டு எத்தனை தலைமுறைகளாக அவர்கள் படுத்திருக்கிறார்கள்! குழந்தைக்காக, குடும்பத்துக்காக என்று சொல்லி அதனை அவர்களுக்குக் கடமையாக்கிய ஆண்கள், தங்கள் முறை வரும்போது மானத்தைக் காரணம் காட்டுவது நியாயம் ஆகாது.

இதே மாவட்டத்துத் திருவதிகையில் நிகழ்ந்த சரித்திரம் தமிழர் அனைவரும் அறிந்தது. தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தலைமை பெற்று விளங்கிய, பின்னாளில் திருநாவுக்கரசர் எனப்பட்ட மருள்நீக்கியார், சூலைநோய் குடலைப் பற்றியபோது, சமையல் செய்பவரிடம் தம் நிலையைச் சொல்லித் தமக்கை திலகவதியாரிடம் அனுப்பினார். பள்ளிக்கு வர அவர் இசையாதது கேட்டு, தம் பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, பிறர் அறியாதபடி இரவிலே புறப்பட்டுத் தமக்கையின் காலில் விழுந்தார். இரவைத் தேர்ந்தெடுத்ததில் அவருடைய நாணம் தெரிகிறது. ஆனால் அந்த நாணம் அவரை வழியில் நிறுத்தவில்லை. பதவியின் சின்னங்களைக் களைந்த பிறகே அவரால் அந்த வாயிலை மிதிக்க முடிந்தது. அவ்வூர் வீரட்டானக் கோயிலில் அவர் பாடிய முதற்பதிகமும் வயிற்றுக்குள் குடலை வருத்தும் வேதனையை இறைவனிடம் மறைக்காமல் சொல்வதாகவே அமைந்தது. சேக்கிழார் இதனைக் காவியத்தில் வைத்துப் பாடக் கூசவில்லை. ஆயிரமாண்டு பாராயணம் செய்த நாமும் இதனால் திருநாவுக்கரசரைக் குறைவாக எண்ணியதில்லை.

அண்மைக் காலத்துக்கு வந்தால், புதுச்சேரியில் யோகம் பயின்ற ஸ்ரீ அரவிந்தரைச் சொல்ல வேண்டும். 1926 முதல் பெரும்பாலும் ஒருசிலர் தவிர எவரையும் காணாத தனிமையில் இருந்தவர் அவர். 1938 நவம்பரில் தவறி விழுந்து தொடையெலும்பு முறிந்தபோதுதான் அடியவர் சிலரும் வைத்தியரும் அவரருகே இருந்து பணிவிடை செய்யும் நிலை வந்தது. பிற்பட்ட ஆண்டுகளில் புராஸ்டேட் வீக்கம் அவரைப் பற்றியது. நீர்த்தடையும் அதன்வழிச் சிறுநீரகக் கோளாறும் முற்றி, 1950 டிசம்பர் 5 அதிகாலையில், தம் 78ஆம் வயதில் உடலை நீத்தார். எடின்பரோவில் வைத்தியம் பயின்று அவருக்குத் தொண்டு செய்த நிரோத்பரன், குருவின் உடலில் நிகழ்ந்தவற்றை உள்ளபடியே நூலில் எழுதி வைத்தார். சரீரத்தையும் தெய்விகமாக்க வேண்டும் என்று போதித்த மகானின் நீர்த்தாரையைப் பற்றி எழுதுவது அபசாரம் என்று அந்தச் சீடருக்குத் தோன்றாதது, அவருடைய பக்தியின் ஆழத்துக்குச் சான்று என்றே நான் கருதுகிறேன். இதற்கு மாறாக, பிரான்ஸ் நாட்டு அதிபராக இருந்த மித்தரான், 1981இல் தெரியவந்த புராஸ்டேட் புற்றை 1992 வரை தம் ஜனங்களுக்கு மறைத்தார். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவோ, 1997இல் தமக்கு அதே நோய் வந்தபோது வெளிப்படையாகப் பேசினார். இருவரும் நெடுங்காலம் வைத்தியம் பெற்றவர்களே. ஆனால் பேராயரின் பேச்சைக் கேட்டுத் தன் வைத்தியரிடம் போக ஒருவனுக்குத் துணிவு பிறந்திருக்கலாம். அதிபரின் மௌனம் எவருக்கும் அந்த உதவியைச் செய்திருக்க முடியாது.

இன்னொரு துயரம் இருக்கிறது. இதைப் பற்றி வைத்தியர்கள் பேசுவதில்லை. நீர் சொட்டுகிற நிலை வந்தபின், தாம் சுத்தம் இழந்துவிட்டதாக எண்ணிக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் பழமலைநாதர் கோயிலின் ஐந்து பிராகாரத்தையும் வலம் வந்தவருக்கு, கோபுரத்தைத் தூரத்தில் நின்று கும்பிடுவதே மிஞ்சுகிறது. இவர்களுக்குச் சாஸ்திரம் சொல்லும் விடை தெளிவானது. நோயாளிக்கும் முதியவனுக்கும் ஆசாரத்தைத் தளர்த்தும் ஆபத்தர்மம் நம் ஸ்மிருதிகளில் உண்டு. முழுகி ஸ்நானம் செய்ய இயலாதவன் திருநீறு பூசுவதையே ஸ்நானமாகக் கொள்ளலாம் என்றும் விதித்திருக்கிறார்கள். இஸ்லாமியச் சட்டமும், நீர் தரியாத நோயுள்ளவன் ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக ஒளூ என்னும் அங்கசுத்தி செய்துகொண்டு தொழலாம் என்று சலுகை அளித்து, மறைக்க வேண்டிய அங்கத்தையும் சிகிச்சையின் அவசியத்தை முன்னிட்டு வைத்தியருக்குக் காட்டலாம் என்று இசைகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாயில் முகந்து வந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டிய கண்ணப்பரைத் தம் வலப்பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்ட பெருமான், பழமலையில் இருப்பவரேயன்றி வேறு எவர்? ஒரு துளி நீர் கசிந்த வேட்டியோடு வருகிற கிழவனை அவர் வாசலில் நிறுத்துவார் என்று எண்ணுவது, அவருடைய கருணையை நாம் குறைத்து அளப்பதாகும்.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளி தன் நாணத்தை உங்கள் கையில் ஒப்படைக்கிறான். அது வாங்கி எறிவதற்குரிய பொருள் அன்று. திரையை இழுத்து விடுங்கள். தேவையற்றவரை வெளியே அனுப்புங்கள். செய்யப் போவதை முன்கூட்டிச் சொல்லி, அவன் சம்மதம் பெற்ற பிறகு தொடுங்கள். மாணவர்கள் பார்க்க வேண்டுமானால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கப்படாமல் ஒருமுறை அவமானப்பட்ட முதியவர் மறுமுறை வரமாட்டார். அவரைக் கண்ட பத்துப் பேரும் வரமாட்டார்கள்.

கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்டுகிற வழக்கத்தை இவ்வட்டாரத்தார் அறிவார்கள். களவு போன மாடு, கடன் வாங்கி ஏமாற்றியவன், பிரிந்து போன மருமகள் என்று, ஊரில் எவரிடமும் சொல்லாத குறையை ஊர்பேருடன் தாளில் எழுதிச் சுவாமி முன் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு நிம்மதியோடு திரும்புகிறார்கள். குறையை எழுதத் தெரிந்த இந்தக் கைகளால், வாய் கூசுகிற இடத்தில் வைத்தியருக்கும் எழுத முடியும். இரவில் எத்தனை தரம் எழுகிறீர்கள், நீர் எப்படி இறங்குகிறது, எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். மிச்சத்தை அவர் கேட்டுக்கொள்வார். விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். மேற்கொண்டு வேண்டுமானால் சிதம்பரத்து மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. பெரும்பாலோர்க்கு மாத்திரையே போதும். ஆனால் நீரில் இரத்தம் கண்டால் தள்ளிப்போடாதீர்கள்; நீர் முற்றிலும் அடைத்து அடிவயிறு கல்லாக உப்பினால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல், மகனை எழுப்பி உடனே புறப்படுங்கள்.