மாடவீதிக்கும் மலைப்பாதைக்கும்

மாருதி ஜிப்ஸி கிங்கின் அகலம் 1540 மில்லிமீட்டர். இன்றைய ஸ்விஃப்ட் 1735. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு சாண்தான். ஆனால் மயிலாப்பூரில் அந்த ஒரு சாண் பெரிய சொத்து. கச்சேரி சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் எதிரே ஆட்டோ வந்தாலும் கண்ணாடியை மடக்காமல் கடந்துவிடலாம். அகலமான டயர் போட்டு, அது வெளியே துருத்துவதை மறைக்க ஃபெண்டரில் ஃப்ளேர் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால், அந்தச் சந்துகளில்தான் முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். மலைக்குப் போவது எப்போதாவது. வண்டி வாழ்வதென்னவோ இங்கேதான்.

*

ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. ஜப்பானில் சுஸூகி 1970இல் தொடங்கிய ஜிம்னி வரிசையில் இரண்டாம் தலைமுறை இது, நீள்சட்டக வடிவம். 1996இல் 1.3 லிட்டர் இன்ஜினுடன் கிங். 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது.

என்னுடையது கார்புரேட்டர் காலத்து கிங். முதல் பதினைந்து ஆண்டுப் பதிவு எப்போதோ முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் வயதில் இருக்கிறது. அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. பழைய வண்டியைச் சாலையில் ஓட்டுகிறவன் அது ஓடத் தகுதியானது என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை காட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பிரேக்கும் விளக்கும் ஸ்டியரிங்கும் சரியாக இருக்கின்றனவா என்று இன்னொருவர் பார்ப்பது நல்லது.

*

புதுப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய தெருக்களில் வண்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். ஒரு கடையில் கதவுகள், பக்கத்துக் கடையில் கியர்பாக்ஸ்கள், அதற்கடுத்ததில் விளக்குகள். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் போடுவதைப் பற்றிக் கேட்கத்தான் அங்கே போனேன். மெக்கானிக் பாய் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை.

"நேரா போகுதா சார்?"

"கொஞ்சம் லெஃப்ட்ல இழுக்குது பாய். அறுபதுக்கு மேல பள்ளத்துல விழுந்தா ஸ்டியரிங் ஒதறுது."

"அப்ப மொதல்ல இருக்கிறத சரி பண்ணலாம். ஏத்துறத அப்புறம் பேசிக்கலாம்."

அட்டையை விரித்துப் படுத்துக் கடப்பாரையால் ஒவ்வொரு மூட்டாக நெம்பிக் காட்டினார். ஸ்ப்ரிங் பட்டைகளின் ரப்பர் புஷ் கரைந்து இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. முன் அச்சின் முனையில் சக்கரத்தைத் திருப்பும் கிங்பின் பேரிங்குகள் தளர்ந்திருந்தன. அந்த உதறலுக்குக் காரணம் அதுதான். மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அந்த இறுக்கத்தைச் சரிசெய்தார். ஒரு தகடு வைத்து, ஸ்ப்ரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து, தலையசைத்து, கழற்றி, வேறொன்று வைத்தார். ஒரு முழுப் பிற்பகல் அதிலேயே போயிற்று. அவசரம் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு நிம்மதி.

அன்று வண்டியில் புதிதாக எதுவும் சேரவில்லை. ஓட்டிப் பார்க்கப் போனபோது அடையாறு திரு.வி.க. பாலத்தில் அது முதன்முறையாக நேராகப் போயிற்று. மாற்றம் செய்வதில் எனக்குள்ள நம்பிக்கை அந்தப் பாலத்தில் உருவானது. பழைய வண்டி இழந்ததைத் திருப்பிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதன் திறமையில் பெரும்பகுதி தேய்ந்த ரப்பருக்கும் வற்றிய கிரீஸுக்கும் அடியில்தான் கிடக்கிறது.

*

டயர்க் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த 205/70 ஆர்15இன் விட்டம் 668 மில்லிமீட்டர். 215/75 போட்டால் 703. 235/75 என்றால் 733.

விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். முதலாவதில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர், இரண்டாவதில் 33. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் பாறையில் முதலில் இடிப்பது அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டை. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். ஸ்ப்ரிங்கை எவ்வளவு ஏற்றினாலும் பாடி மட்டும்தான் மேலே போகும். உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆறு அங்குல லிஃப்ட் வண்டியைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஒருமுறை குனிந்து அந்த உருண்டையைப் பார்க்கலாம்.

இதற்கும் விலை உண்டு. 235இல் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66 போய்க்கொண்டிருப்போம். ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் கனத்துவிடும். டி. நகர் உஸ்மான் சாலை மேம்பாலத்தில் நெரிசலில் நின்று நின்று ஏறும்போது, 1.3 லிட்டர் இன்ஜினின் கிளட்ச் அந்தக் கனத்தைத் தினமும் சுமக்க வேண்டும். 215/75 ஆல் டெர்ரெய்ன் போதும் என்று முடிவு செய்தேன். தார்ச்சாலையில் அவ்வளவாக இரைச்சல் இல்லை, சேற்றிலும் ஓரளவு பிடிக்கிறது.

*

ஜிப்ஸியில் பட்டைகள் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினால் வண்டி ஏறத்தாழ ஐந்து அங்குலம் உயரும். அச்சு மேலும் கீழும் அசைய நிறைய இடம் கிடைக்கும், பாறைப் பாதைக்கு அது அருமையான வேலை. ஆனால் பிரேக் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஸ்டியரிங் ராடு எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டும். மலிவாக ஷேக்கிளை மட்டும் நீட்டினாலோ முன் அச்சு சற்றே புரண்டு கேஸ்டர் கோணம் குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் குணம் போய்விடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் அம்மா இருக்கிறாள். கபாலி கோயிலுக்குக் கிளம்பும்போது கதவுக் கம்பியைப் பிடித்து, முழங்காலில் கை ஊன்றி ஏறுகிறாள். இன்னும் ஐந்து அங்குலம் அவளால் முடியாது. ஆகவே உயரம் இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டேன். ஏறுவதற்கு ஒரு கால்படி மட்டும் லேத் பட்டறையில் செய்து வாங்கினேன். நான்கு போல்ட்டில் கழன்றுவிடும், மலைக்குப் போகும் முன் கழற்றிவிடுவேன். மேட்டு முகட்டைத் தாண்டும்போது வயிற்றுப்பக்கம் தொங்கும் எதுவும் முதலில் தட்டும்.

*

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டு, ஆர்.சி.யில் பதிவான அடிப்படை விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு அது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. முன்னால் மாட்டும் இரும்பு புல்பாருக்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. ஜி.பி. ரோட்டுக் கடைகளில் அதைப் பார்க்கும்போது நடந்துபோகிறவரின் தொடையும் இடுப்பும்தான் எனக்கு நினைவுக்கு வரும். இடியின் வேகத்தை உள்வாங்கி நசுங்க வேண்டிய தகடுக்கு முன்னால் நசுங்காத ஒன்றை நிறுத்துகிறோம். தடை சரியானது.

*

சென்னையில் இருப்பவனுக்கு மழைக்காலம்தான் பக்கத்திலுள்ள கரடுமுரடு. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் முங்கின. 2023இல் மிக்ஜாம் புயல். இடையில் துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பாத மழைக்காலம் அபூர்வம்.

அச்சுக்குள் காற்றும் ஆயிலும் இருக்கின்றன. ஓடி ஓடிச் சூடான அச்சு சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிறகு ஆயிலை வடித்தால் பால் கலந்ததுபோல் வெளுத்து வரும், கியர் பற்கள் அதிலேயே அரைபட்டுக்கொண்டிருக்கும். அச்சின் மேலுள்ள பிரீதர் துளையில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறையின் உச்சிவரை கொண்டுபோனால் உறிஞ்சுவது காற்றாகவே இருக்கும். சில நூறு ரூபாய் வேலை. வெளியே எதுவும் தெரியாது. இந்த வண்டிக்குச் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஸ்நார்க்கெல் மாட்டினால் இன்ஜினுக்குப் போகும் காற்றின் வாய் உயரும், அவ்வளவே. டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் வண்டி நடுத்தண்ணீரில் நிற்கும். இன்னொன்றும் உண்டு. வெள்ளத்தில் வேகமாகப் போகும் உயரமான வண்டி எழுப்பும் அலை தெருவோரத்து வீடுகளின் வாசற்படியைத் தாண்டி உள்ளே போகிறது. வண்டியால் முடியும் என்பதற்காகப் போய்விடக் கூடாது. அவசரமாக யாரையாவது ஏற்றிப் போக வேண்டுமென்றால் முதல் கியரில் நடைவேகத்தில் போக வேண்டும்.

மணலுக்கும் இதே எண்ணம்தான். டயர்க் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் ஜிப்ஸி மணலில் மிதந்து போகும். ஆனால் பெசன்ட் நகருக்கும் நீலாங்கரைக்கும் இடையே உள்ள கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மாணவர்கள் 1988 முதல் இரவுகளில் அந்தக் கரையை நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். டயர்த் தடத்தில் விழுந்த குஞ்சு கடலுக்கு ஏறிப்போவது கடினம். கடற்கரையில் நான் ஓட்டுவதில்லை.

*

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டித் தார் முடிந்த இடத்தில் லோவுக்கு மாற்றுகிறேன். குட்டி லிவரை இழுத்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்கள் மாறி, இன்ஜினின் இழுவை பெருகி, வேகம் மனிதன் நடக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. இறக்கத்தில் பிரேக்கில் கால் வைக்கத் தேவையில்லை, இன்ஜினே பிடித்துக்கொள்கிறது. கல்லின் மேல் டயர் ஏறுவதும், வழுக்குவதும், மறுபடி பிடிப்பதும் இருக்கை வழியாகத் தெரிகின்றன. பேச்சு தானாக நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இத்தனையும்.

எதிரே ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வந்தது. பின்னால் மூட்டைகள், அவற்றின் மேல் ஆட்கள். ஒதுங்கி வழிவிட்டேன். நான் நகரத்திலிருந்து தேடி வந்த பாதை அவருக்கு அன்றாடப் பாதை. ஓட்டுநர் இறங்கி வந்து என் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார்.

"மெயின் பட்டை ஸ்பேர் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். தன் ஜீப்பில் கயிற்றால் கட்டியிருந்ததைக் காட்டினார். வின்ச்சைப் பற்றியோ விளக்குகளைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் புதுப்பேட்டையில் முன் அச்சுக்கு ஒரு மெயின் பட்டை, சென்டர் போல்ட், நான்கு யு-போல்ட் வாங்கினேன். போல்ட்டுகள் டூல் பாக்ஸில் அடங்கிவிட்டன. பட்டையைச் சாக்கில் சுற்றி, பக்கவாட்டு சீட்டுக்கு அடியில் கட்டியிருக்கிறேன். குலுங்கும்போது தகரத்தில் தட்டுகிறது, இன்னொரு கட்டு போட வேண்டும்.