விரல் அறிந்ததை எழுதுவது

சுங்குடி வாங்கத் தெரிந்தவர்கள், புடவையை விரித்ததும் விரல் நுனியால் புள்ளியைத் தடவிப் பார்ப்பார்கள். துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சைப் பிரித்தால் விழுகிற புள்ளி லேசாகக் குமிழ்ந்து நிற்கும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அச்சடித்த புள்ளியோ தட்டையாக, ஒரே அளவில், வரிசை பிசகாமல் ஓடும். கடைக்காரர் வாயே திறக்க வேண்டாம்.

கைபேசித் திரையில் இரண்டும் வெள்ளைப் புள்ளிதான்.

மதுரையில் இருக்கும் என் சித்தி இணையத்தில் புடவை விற்க ஆரம்பித்த புதிதில் படங்களை நன்றாகவே எடுத்திருந்தார். கோப்புகளின் பெயர் மட்டும் கேமரா போட்ட எண். தலைப்பு, ‘காட்டன் புடவை, சிவப்பு’. வேலைப்பாடு என்ன, நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா என்று தளம் கேட்ட கட்டங்களில் பாதி காலி. இரண்டு மாதம் ஒரு புடவைகூட நகரவில்லை. விலையைக் குறைத்தார். அப்போதும் நகரவில்லை.

“கையால முடிஞ்சதுன்னு ஏன் சித்தி எழுதலை?”

“அதை வேற எழுதணுமாடா? பார்த்தாலே தெரியுதே!”

அவருக்குத் தெரிந்தது. முப்பது வருஷமாகத் தொட்டவர்.

அந்தக் காலிக் கட்டங்களில் போய் உட்கார வேண்டியதற்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். தமிழில் மீத்தரவு என்கிறார்கள். தரவைப் பற்றிய தரவு என்று விளக்குகிறார்கள். விளக்கம் சரி, ஆனால் அதில் ஆளே இல்லை. என்னைக் கேட்டால், கடைக்காரர் எழுந்து போய்விட்ட கடையில் அவர் விட்டுப்போன பேச்சு அது. சிவப்பு வேண்டும், பருத்தி வேண்டும், ஆயிரத்துக்குள் வேண்டும் என்று வடிகட்டுகிறவர் முன்னால், துணி வகையைக் குறிக்காத பருத்திப் புடவை வந்து நிற்காது. சரக்கு இருக்கிறது, கேட்டவருக்கு இல்லை. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தால், படத்துக்கு மாற்று வரி எழுதாத இடத்தில் அவர் காதில் வெறும் கோப்பு எண்தான் விழக்கூடும். இப்போது பொறியே படத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லிவிடுகிறதே என்பார்கள். சொல்லும்: புடவை, சிவப்பு, புள்ளி. முடிச்சைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல அதற்கு விரல் கிடையாது.

இந்த வடிகட்டிகளின் வேரைத் தேடிப் போனால் சீர்காழிக்காரர் ஒருவரிடம் வந்து நிற்போம். 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது செல்ஃப்ரிட்ஜஸ் அங்காடியில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். சேர்க்கிற விதத்தில் ஒருமுறை கிரேன், ஒருமுறை வண்டி. நூலின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பிறகு கோத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அந்த யோசனையின் விளைச்சல். நெல்லில் விழும் நோயைப் பற்றிய நூலை நெல்லோடு வைப்பதா, நோயோடு வைப்பதா என்று நூலகர் தலையைச் சொறிய வேண்டிய காலம் அது. ரங்கநாதன் பயிர், நோய், இடம், காலம் என்று ஒவ்வொரு முகத்தையும் தனியே குறித்துக் கோத்தார். நாம் தட்டுகிற நிறம், துணி, விலைக் கட்டங்கள் அந்த முகங்களின் வாரிசுகள். கடையில் பிறந்த யோசனை நூலகத்தைச் சுற்றிவிட்டுக் கடைக்கே திரும்பியிருக்கிறது.

நம் ஏடுகளுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று பின்னால் வந்த யாரோ குறித்து வைத்தார்கள். 1894இல் உ.வே.சா. அந்நூலை அச்சில் கொண்டுவந்தபோது அந்தக் குறிப்புகளும் கூடவே வந்தன. அவை இல்லையென்றால் பல பாடல்கள், எவரோ எவரையோ புகழ்ந்ததாக நின்றுபோயிருக்கும். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பாட்டுக்குள் இருந்த உவமையையே எடுத்துச் செம்புலப் பெயல்நீரார் என்று பெயர் கட்டினார்கள். அவர் அதிர்ஷ்டசாலி. எல்லாச் சரக்கும் தன் அழகாலேயே தனக்கு விலாசம் தேடிக்கொள்ளாது.

பேச்சு என்றால் பொய்யும் உண்டு. இணையப் பக்கங்களில், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்கு மட்டும் குறிச்சொற்களை எழுதி வைக்க ஒரு மூலை இருந்தது. செருப்பு விற்பவரும் அதில் சினிமா நடிகையின் பெயரைத் திணிக்கலாம், திணித்தார்கள். தரவரிசைக்கு அந்த மூலையைப் பார்ப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அந்த மாதிரிப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. சித்தியின் ஒரு புடவைக்கு ஆசை ஆசையாக நாலு வரி எழுதினேன்: மதுரைச் சுங்குடி, பருத்தி, கையால் முடிச்சுப் போட்டது. நன்றாக அமைந்துவிட்டதே என்று பன்னிரண்டு புடவைக்கும் அதையே நகலெடுத்து ஒட்டினேன். அதில் நாலு அச்சுப் புடவை. வரிகள் வேலை செய்தன, புடவைகள் போயின. ஒன்று திரும்பி வந்தது. திட்டு ஒன்றும் இல்லை. காரணக் கட்டத்தில், ‘புள்ளி தட்டையாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார் வாங்கியவர். போகவரக் கூரியர் கூலி சித்தி தலையில்.

அந்த மூன்று சொல்லை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடுபொறிக்கு என்று நினைத்து நான் எழுதிய வரி, கடைசியில் ஒரு விரலிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தவர், தொட முடியாத தூரத்தில் இருப்பவருக்கு முன்கூட்டிக் கொடுக்கிற வாக்குதான் இந்தக் கட்டங்கள் எல்லாம். மதுரைச் சுங்குடிக்குக் கிடைத்திருக்கிற புவிசார் குறியீடும், ஓர் ஊரே கூடிக் கொடுத்த வாக்கு. பெட்டியைப் பிரித்ததும் விரல் அதைச் சரிபார்க்கும்.

இப்போது ஒவ்வொரு புடவையையும் மடியில் போட்டுத் தடவிக்கொண்டே சித்தி சொல்ல, நான் தட்டுகிறேன். அச்சுக்கு அச்சு என்றே எழுதுகிறோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் கூடுதலாகப் போகிறது. ‘புள்ளிப் புடவை’ என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து அந்தச் சொல்லையும் சேர்த்தோம். முடிச்சுப் புடவைக்கு, புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது என்று ஒரு வரி. குறையை விளம்பரம் செய்வானேன் என்று முதலில் சண்டை போட்டார், பிறகு அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: புள்ளி மேடாக இருக்கிறதே, இஸ்திரி போடலாமா?

“நல்லா சூடு வச்சுத் தேய்ச்சா அமுங்கிடும்” என்றார் சித்தி. கொஞ்சம் யோசித்தார். “அதையும் எழுதிடு.”