சிறு இன்பம் குற்றமா?

வாரத்தில் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் சற்றே சிரிக்கிறான். உடனே இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று காவி கட்டிய குரல். "உலகம் மாயை, உடல் நிலையாதது, மெய்யான இன்பம் மறுமையிலே" என்று அது ஓதுகிறது. மற்றொன்று நம்மவரின் குரலே! "நாட்டில் இத்தனை இழிவு இருக்க, இத்தனை பசி இருக்க, உனக்கு ஆட்டம் ஏன்? பாட்டு ஏன்? பூனைக்குட்டியோடு கொஞ்சல் ஏன்?" என்று அது அதட்டுகிறது. முன்னதற்கு விடை கூற நாம் தயங்கியதில்லை. பின்னதற்கு விடை கூறத்தான் நா எழுவதில்லை. ஏனெனில், அந்தக் குரலில் நேர்மை இருக்கிறது. துயருற்றோர்மீது அன்பு இருக்கிறது.

ஆயினும், தோழர்களே, எண்ணிப் பாருங்கள். இரண்டு குரல்களும் சொல்வது ஒன்றுதானே? முதற்குரல் இன்பத்துக்குச் சாவுக்குப் பிறகு தவணை கொடுக்கிறது. இரண்டாங்குரல் வெற்றிக்குப் பிறகு தவணை கொடுக்கிறது. இன்று வாழும் மனிதனுக்கு இரண்டுமே கைவிரிக்கின்றன! மறுமை இல்லை என்று அறிந்தவர்கள் நாம். இருப்பது இந்த ஒரு வாழ்வு என்றால், அதில் ஒரு நாழிகை மகிழ்ச்சியும் பொன்னினும் அரிதன்றோ? அதை எந்த ஏட்டைக் காட்டித் தள்ளி வைப்பது?

வாதத்தை விடுத்து வாழ்க்கையைப் பார்ப்போம். அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவுக்குள் அடங்கிய ஊர் ஜீஸ் பெண்ட். அங்குள்ள கறுப்பின மக்கள், பருத்திப் பண்ணையில் அடிமைகளாக உழன்றவர்களின் வழிவந்தோர். அவர்களிற் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. அது முன்னோர் விரும்பிச் சூடிய பெயரன்று. முன்னோரை உடைமையாக வைத்திருந்த பண்ணையாரின் பெயர்! அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த வேலைச் சட்டைகளையும் நைந்த காற்சட்டைகளையும் வெட்டி, ஒட்டுச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்துப் போர்வை தைத்தார்கள். குளிர் நுழையும் வீட்டில் அது தேவை. கலை என்று கருதி அவர்கள் தொடங்கவில்லை. வறுமையைக் கவிதையாக்கிப் பாடுவது நம் வேலையுமன்று.

ஆனால், குளிரை விரட்டப் போர்வை போதும். அழகான கோலம் எதற்கு? எந்தத் துணியை எங்கு வைத்து ஒட்டினாலும் வெப்பம் ஒன்றுதான். இருந்தும், நீலத்தின் பக்கத்தில் சிவப்பு வேண்டும், நேர்கோடு இந்த இடத்தில் சற்றே சாயவேண்டும் என்று அந்தப் பெண் முடிவு செய்தாள். அவள் உழைப்பைப் பிறர் ஆண்டனர். அவள் ஊதியத்தைப் பிறர் வகுத்தனர். அந்தக் கோலத்தை மட்டும் அவளே வகுத்தாள். 1942 ஆம் ஆண்டில் மிசௌரி பெட்வே என்பவர், மறைந்த தம் கணவரின் வேலை உடைகளையே போர்வையாகத் தைத்தார். நினைவுச் சின்னம் எழுப்பப் பொருளில்லாதவரின் நினைவுச் சின்னம் அது!

இந்தச் சிறு இன்பம் அவர்களைத் தூங்கவைத்ததா? இல்லை. 1960களில் அம்மக்கள் வாக்குரிமை கேட்டு எழுந்தார்கள். பதிவு செய்ய ஆற்றைக் கடந்து கேம்டன் நகர் செல்லவேண்டும். 1962 இல் ஓடப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மீண்டும் வர 2006 ஆம் ஆண்டு ஆயிற்று! இடையில், 1966 இல், அந்த வட்டாரப் பெண்கள் 'விடுதலைப் போர்வைக் கூட்டுறவு' ஒன்றை நிறுவித் தம் கைத்திறனை வருவாயாக்கினர். 2002 இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. ஊசி பிடித்த கை உரிமை கேட்கவும் உயர்ந்தது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் ஹெடிங்டன் குவாரி என்னும் ஊரில், 1899 டிசம்பரில் சிலர் காலில் சலங்கை கட்டி மோரிஸ் என்னும் நாட்டுப்புற ஆட்டம் ஆடினார்கள். அது வழக்கமாக ஆடும் பருவமன்று. உறைபனியால் கட்டட வேலை நின்றுபோயிற்று. நாலு காசு தேடவே ஆடினார்கள். அவர்களுக்கு இசைத்த வில்லியம் கிம்பர் கொத்து வேலைக்காரர். அதைக் கண்ட செசில் ஷார்ப் என்னும் இசை ஆசிரியர் அதைக் குறித்துக்கொண்டார். 1905 இல் கிம்பர் இலண்டனுக்கு வந்து, மேரி நீல் நடத்திய எஸ்பெரன்ஸ் மன்றத்தில் அந்த ஆட்டத்தைக் கற்பித்தார். கற்றவர்கள் யார்? பகலெல்லாம் குனிந்து சீமாட்டிகளின் உடையைத் தைத்த ஏழைப் பெண்கள்! குனிந்த முதுகு மாலையில் நிமிர்ந்தது. மேரி நீலோடு அந்த மன்றத்தைத் தொடங்கிய எம்மெலின் பெத்திக், பின்னாளில் பெண்கள் வாக்குரிமைப் போரில் சிறை சென்றார். ஆட்டத்துக்குக் கதவு திறந்தவரே போராட்டத்துக்கும் கதவு திறந்தார்.

வளர்ப்புயிர் பற்றிக் கேட்கிறீர்களா? ரோசா லக்சம்பர்க்கைக் காட்டிலும் கடுமையான போராளி யார்? அவர் மிமி என்னும் பூனையை வளர்த்துக் கொஞ்சியவர். 1917 டிசம்பரில் பிரெஸ்லாவ் சிறையிலிருந்து தம் தோழிக்கு ஒரு மடல் எழுதினார். குருதிக் கறை படிந்த படைவீரர் உடைகளை, ஒட்டுப்போடுவதற்காக, எருமை பூட்டிய வண்டிகளில் ஏற்றிச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிக்காரப் படைவீரன் எருமையின் தடித்த தோலே கிழியும்படி அடித்தான். இரக்கமில்லையா என்று கேட்டதற்கு, மனிதர்களாகிய எங்களுக்குத்தான் யார் இரங்குகிறார்கள் என்றான். ரோசா அந்த எருமையைக் கண்டு அழுதார். பூனையிடம் பழகிய அன்பு எருமையிடம் சென்றது. போரின் கொடுமையையும் அந்தத் தோலிலேயே கண்டது.

இங்கே ஒரு தடை எழும். அதை மறைப்பது நேர்மையன்று. நம் நாட்டில் நாயை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே, மனிதனைத் தெருவில் நிறுத்திப் பேசியவர்கள் இல்லையா? பாட்டில் மயங்கியவர்கள், பாடுவோனின் குலத்தைக் கேட்டு முகம் சுளித்ததில்லையா? உண்டு. ஆகவே, இன்பம் தானாக எவரையும் நல்லவராக்கிவிடாது. அப்படியானால், நல்ல இன்பம் எது, நச்சு இன்பம் எது என்று பிரித்தறிய உரைகல் வேண்டும். நாம் கூறுவது இது: உன் மகிழ்ச்சிக்கு எவருடைய ஓய்வு விலையாயிற்று? அந்த மகிழ்ச்சி பிறர் வருகைக்குக் கதவைத் திறக்கிறதா, அடைக்கிறதா?

இந்த உரைகல்லில் நம்மையே தேய்த்துப் பார்ப்போம். நாம் பள்ளியில் பாடம் சொல்பவர்கள். திங்கட்கிழமை காலையில், "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்போம். "கிணற்றில் நீந்தினோம், பந்தாடினோம், நாய்க்குட்டிக்கு வேடிக்கை காட்டினோம்" என்பார்கள் மாணவர்கள். "துணி துவைத்தோம், தம்பியைப் பார்த்துக்கொண்டோம், அம்மாவுக்கு மாவாட்டிக் கொடுத்தோம்" என்பார்கள் மாணவியர். ஒரே ஊர், ஒரே ஞாயிறு! அந்த அம்மாவுக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் அடுப்பு இரட்டிப்பாக எரியும் நாள்.

அந்த ஞாயிறும் வானத்திலிருந்து விழுந்ததன்று. சோதிராவ் புலேயின் வழிநின்ற நாராயண் மேகாஜி லோகாண்டே, 1884 இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி வார ஓய்வு கேட்டார். 1890 இல்தான் முதலாளிகள் இணங்கினார்கள். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உழைப்புக்கு எல்லை வகுத்தது. வார விடுமுறையையும் விதித்தது. ஆலைக்குள் நுழைந்த அந்தச் சட்டம் அடுக்களைக்குள் நுழையவில்லை. அங்கே சட்டமியற்ற வேண்டியவர்கள் நாம்தாம்!

எனவே, இளைஞர்களே, கூட்டம் முடிந்து வந்து குழலூதுங்கள்; கும்மி கொட்டுங்கள்; பூனைக்குப் பால் வையுங்கள். அதற்காக வெட்கப்பட வேண்டா. மகிழ்ச்சியை அறியாதவன், பிறர் இழந்த மகிழ்ச்சியை அளந்தறிய மாட்டான். எதை மீட்கப் போகிறோம் என்று தெரியாமல் படை நடத்துவது எங்ஙனம்? ஆனால், அடுத்த ஞாயிறு ஒரு வேலை செய்யுங்கள். துணி மூட்டையை நீங்கள் தூக்குங்கள். அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தைத் தாயிடமும் தங்கையிடமும் மனைவியிடமும் ஒப்படையுங்கள். அதைக் கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டா. தைப்பார்களோ, ஆடுவார்களோ, படிப்பார்களோ, சும்மா இருப்பார்களோ, அது அவர்கள் உரிமை.