உள்ளூர்க் கணக்கு

சொந்த நாட்டிலேயே தங்கிவிட்டவருக்குச் சம்பளம் குறைவு, சொந்தக்காரர்களின் கேள்விகள் அதிகம். பட்டா மாற்றத் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்க வேண்டும். ஆனால் நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால், 108-க்குப் போன் போட்டுவிட்டுக் கூடவே வண்டியில் ஏறிக்கொள்ளலாம். துபாயில் இருக்கும் மகன் முதலில் லீவு கேட்க வேண்டும், அப்புறம் டிக்கெட் தேட வேண்டும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும், மற்றதெல்லாம் பேரம்தான்.

ஓட்டு விஷயமும் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் 2011 முதல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும். நமக்கோ பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. அங்கேகூடப் போகாமல் டீக்கடையில் நாட்டைத் திட்டுபவர்களே, அடுத்த தேர்தலிலாவது ஒரு எட்டு போய் வாருங்கள்.